கடைசியில் ஓடிய முதல் ரீல்

1

எங்கள் கல்யாண நாளுக்கு மகள் சுபா வழக்கமாக ஒரு கேக்கோடு வருவாள். மெழுகுதிரி வேண்டாம் என்று நான் சொல்வேன். அவள் கேட்காமல் ஏற்றுவாள். என் மனைவி தெய்வானை ஊதி அணைத்துவிட்டு, இது என்ன பழக்கமோ என்று சலித்துக்கொள்வாள். இந்த வருடம் கேக்கோடு ஓர் உறையும் வந்தது. உள்ளே மூன்று சினிமா டிக்கெட்டுகள்.

"பேசாத படம், அம்மா. பிரெஞ்சுக்காரற்றை பழைய காதல் படம். உங்களுக்கு ஒரு சொல்லும் விளங்கத் தேவையில்லை."

"அப்ப உங்கப்பாவுக்கும் எனக்கும் ஏத்த படம்தான்," என்றாள் தெய்வானை.

சுபாவின் தமிழைக் கேட்டு, கண்டியில் இருந்து இதை வாசிக்கும் நீங்கள் குழம்பக்கூடும். புசல்லாவைத் தாய்க்கும் கண்டி டவுன் தகப்பனுக்கும் பிறந்த பிள்ளை யாழ்ப்பாணத் தமிழ் பேசுகிறாள். பாரிஸில் அவள் போன சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் ஆசிரியர்மார் எல்லோரும் வடக்கைச் சேர்ந்தவர்கள். நாங்கள் "வாங்க" என்போம், அவள் "வாங்கோ" என்பாள். ஒரு காலத்தில் எனக்கு இது கொஞ்சம் உறைத்தது. பிரெஞ்சோடு நின்றுவிடாமல் ஏதோ ஒரு தமிழ் அவள் நாக்கில் ஒட்டிக்கொண்டதே என்று இப்போது அந்தப் பள்ளிக்கு நன்றி சொல்கிறேன்.

சுபா பழைய படச்சுருள்களைத் துப்புரவாக்கும் ஓரிடத்தில் வேலை செய்கிறாள். கழுவி, கிழிசலை ஒட்டி, மறுபடியும் ஓடக்கூடியதாக ஆக்கிக் கொடுப்பார்கள். தெய்வானை ஒரு காலத்தில் தையல்கடையில் கிழிசல் தைத்தவள். அம்மாவின் வேலையைத்தான் மகளும் செய்கிறாள், துணிதான் வேறு என்று நான் கேலி செய்வேன்.

நான் தேத்தண்ணி போடக் குசினிக்குப் போனபோது அவளும் பின்னால் வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"அப்பா, நான் சின்னனா இருக்கேக்க நீங்கள் எனக்குச் சொன்ன படம் உதுதான். மதகுக் கதவு, தோணி, வெள்ளைச் சால்வை எல்லாம் இருக்கு. எட்டு மாசமா நாங்கள் உந்தப் படத்தைத்தான் துப்பரவாக்கினனாங்கள். ஆனா முடிவு நீங்கள் சொன்ன மாதிரி இல்லை. ரெண்டு பேரும் கடைசியிலை பிரியினம். நீங்கள் மாறி ஞாபகம் வைச்சிருக்கிறியள்."

"இருக்கலாம்," என்றேன்.

"அம்மாக்கு நான் ஒண்டும் சொல்லேல்லை. பாக்கட்டும்."

கேத்தல் கொதித்து மூடி தட்டும்வரை நான் அப்படியே நின்றேன். நான் எதையும் மாறி ஞாபகம் வைத்திருக்கவில்லை. அந்த முடிவை மாற்றியவன் நான்தான். என் கையால் மாற்றினேன். நாற்பது வருடங்களுக்கு மேலாக அதை மனைவிக்குக்கூடச் சொன்னதில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் அதைத் தன் கண்ணால் பார்க்கப் போகிறாள்.

கண்டியில் சிறு சஞ்சிகை நடத்தும் நண்பர் ஒருவர், வெளிநாட்டு வாழ்க்கையைப் பற்றி ஏதாவது எழுது என்று நெடுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார். குளிரைப் பற்றியும் கறிவேப்பிலை விலையைப் பற்றியும் எழுதுவதாகத்தான் இருந்தேன். இப்போது அதெல்லாம் கைக்கு வரவில்லை. இதைத்தான் எழுத வேண்டும்.

2

எழுபதுகளில் நான் கண்டி மாநகரசபையில் மின்சாரப் பகுதியில் கிளார்க். மின்சாரப் பகுதியில் இருப்பவனுக்கு மின்சாரம் தெரியும் என்று ஊர் நம்பும். அந்த நம்பிக்கையில்தான் எங்கள் படச் சங்கம் புரொஜெக்டரை என்னிடம் ஒப்படைத்தது. ஓய்வுபெற்ற ஆசிரியர் ரத்நாயக்க மாஸ்டர் தலைவர். கட்டுகஸ்தோட்டையில் பலசரக்குக் கடை வைத்திருந்த காசிம் நானா பொருளாளர். கொழும்பில் ஒரு தூதரகம் இரவல் கொடுக்கும் படங்களை ரயிலில் வரவழைத்து, மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், ஒரு மண்டபத்து ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி கட்டிக் காட்டுவோம்.

வருவது பெரும்பாலும் பேசாத பிரெஞ்சுப் படங்கள். பேசாத படம் என்றாலும் நடுநடுவே எழுத்து வரும். அதை வாசிக்க எங்களில் ஒருவருக்கும் தெரியாது. எழுத்து வந்தவுடன் சபை இருமும், கதிரையை இழுத்துப் போடும், வெற்றிலை மடிக்கும். படம் திரும்பியதும் கப்சிப் என்று ஆகிவிடும். வசனம் விளங்காதவனுக்குக் கண்தான் கதி. ஒரு பெண் கதவைத் திறக்க எவ்வளவு நேரம் எடுக்கிறாள், வெளிச்சம் அவள் முகத்தில் எந்தப் பக்கத்தால் விழுகிறது, ஒருவன் தொப்பியைக் கழற்றிக் கையில் எப்படிச் சுழற்றுகிறான் என்பதை எல்லாம் வைத்து நாங்கள் கதையைக் கட்டினோம். பாதி தப்பாக இருந்திருக்கும். ஆனாலும் அப்படிக் கண்ணூன்றிப் பார்த்தது பிறகு எனக்குச் சோறு போட்டது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

தெய்வானையை எனக்குக் காட்டியதும் படச் சங்கம்தான். எங்கள் திரைத்துணி ஒருமுறை நடுவில் கிழிந்துவிட்டது. மார்க்கெட் பக்கம் இருந்த தையல்கடைக்குக் கொண்டுபோனேன். கிழிசல் தைக்கிற பெண் துணியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"இதுல என்ன செய்வீங்க?"

"படம் காட்டுவோம்."

"அப்ப தச்சது தெரியக் கூடாது," என்றாள்.

தெரியவில்லை. அடுத்த படம் ஓடும்போது, ஒட்டுப் போட்ட இடம் எது என்று நான் தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை. அதைச் சொல்ல மறுநாள் கடைக்குப் போனேன். அதற்கடுத்த வாரம் சொல்ல ஒன்றும் இல்லாமலே போனேன். பிறகு அவள் படம் பார்க்க வரத் தொடங்கினாள். மூன்றாவது வரிசையில், ஓரக் கதிரையில் உட்காருவாள்.

3

அவளுடைய குடும்பம் புசல்லாவைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் இருந்தது. இலங்கை, இந்தியா இரண்டு அரசாங்கங்களும் கூடிப் பேசி, இந்திய வம்சாவளிக்காரரான எங்கள் ஆட்களை இத்தனை பேர் உனக்கு, இத்தனை பேர் எனக்கு என்று பிரித்துக்கொண்ட காலம் அது. என் அப்பா எப்படியோ அலைந்து பதிவுப் பிரஜை ஆகியிருந்தார். நான் இலங்கைக்காரன். தெய்வானையின் அப்பா இந்தியாவுக்குப் போவதாக எழுதிக் கொடுத்திருந்தார், அந்தத் தாளில் அவள் பெயரும் இருந்தது. பத்து வருடமாக வராத பதில், நாங்கள் பழகத் தொடங்கிய ஆறாவது மாதம் வந்தது. கம்பளை ஸ்டேஷனில் கோச்சி ஏறி, தலைமன்னார் போய், அங்கிருந்து கப்பல். அந்தக் கோச்சிக்கு எங்கள் ஆட்கள் அழுகைக் கோச்சி என்று பெயர் வைத்திருந்தார்கள்.

கல்யாணத்தைப் பதிவு செய்தால் அவள் பெயரைத் தனியாக எடுக்க வழி இருக்கிறது என்று மாவட்டக் கச்சேரியில் எனக்குத் தெரிந்த கிளார்க் ஒருவர் சொன்னார். அதை அவளிடம் சொன்னேன். அவள் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

"அம்மா இல்ல. தம்பி சின்னவன். அப்பாவுக்கு நெஞ்சு வலி. நான் போகாட்டி யாரு பாக்குறது?"

அவர்கள் புறப்பட மூன்று வாரம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைப் படத்துக்கு வா, அதுதான் கடைசி என்றேன். வருகிறேன் என்றாள்.

4

அந்தப் படம் வெள்ளிக்கிழமை வந்தது. நான்கு ரீல், நான்கு தகரப் பெட்டி. சனிக்கிழமை மண்டபத்தில் தனியாக இருந்து ஓட்டிப் பார்த்தேன். அதுவரை நான் கதைக்காகப் படம் பார்த்தவன். ஒரு படத்தை அதன் அழகுக்காகப் பார்த்தது அன்றைக்குத்தான்.

வாய்க்கால் ஒன்று. அதில் ஒரு மதகு. முன்னும் பின்னும் பெரிய மரக்கதவுகள். நடுவில் படகை நிறுத்தி, தண்ணீரை ஏற்றினால் படகு மேலே வரும், இறக்கினால் கீழே போகும். மதகில் வேலை செய்யும் ஒரு வாலிபன் மேலே நிற்கிறான். கீழே, ஆழத்தில், சரக்குப் படகு வந்து நிற்கிறது. படகுக்காரனின் மகள் தோளில் வெள்ளைச் சால்வையோடு அண்ணாந்து பார்க்கிறாள். கதவு மூடுகிறது. தண்ணீர் ஏறுகிறது.

அவ்வளவுதான் நடக்கிறது. ஆனால் அதை எப்படி எடுத்திருந்தார்கள் தெரியுமா? கமெரா அவன் நிற்கும் இடத்தில் அசையாமல் இருக்கிறது. முதலில் வெறும் ஈரக் கல்சுவர். பிறகு அவள் தலையின் வகிடு. பிறகு நெற்றி. பிறகு கண். தண்ணீர் ஏற ஏற அவள் ஓர் அங்குலம், ஓர் அங்குலமாக மேலே வருகிறாள். கடைசியில் இருவர் முகமும் ஒரே மட்டத்தில் நிற்கின்றன. ஓர் எழுத்துகூட வரவில்லை. இரண்டு பேர் சமமாகப் பார்த்துக்கொள்வதைத் தண்ணீரை வைத்துச் சொல்லிவிட்டார்களே என்று நான் வாய்விட்டே சொன்னேன், கேட்க ஆள் இல்லாவிட்டாலும்.

அதன்பிறகு நாணல் நடுவே ஒரு சின்னத் தோணி. கமெராவும் தோணிக்குள்ளேயே இருக்கிறது. அதனால் அவர்கள் இருவரும் அசையாமல் இருக்க, உலகம்தான் நகருகிறது. தண்ணீரில் பட்ட வெயில் கீழேயிருந்து எழும்பி அவள் தாடைக்கு அடியில் நடுங்குகிறது. அது முதல் ரீல்.

இரண்டாவது ரீலிலிருந்து கஷ்டம் தொடங்குகிறது. அதைச் சொல்லி உங்களை அழவைக்க மாட்டேன். நான்காவது ரீலில் படகு அதே மதகுக்குத் திரும்புகிறது. இந்த முறை தண்ணீர் இறங்குகிறது. அதே இடத்தில் அசையாத கமெரா. அவள் கண் போகிறது, நெற்றி போகிறது, வகிடு போகிறது, ஈரக் கல்சுவர் மிஞ்சுகிறது. கதவு திறந்து படகு தூரத்தில் போகும்போது, திரையைச் சுற்றி ஒரு கறுப்பு வட்டம் சுருங்கிச் சுருங்கி அவள் சால்வையை மட்டும் பிடித்துவைத்து, பிறகு அதையும் மூடிவிடுகிறது. குடும்பத்தோடு ஒரு பெண் தண்ணீர் வழியாகப் போய்விடுகிறாள். மேலே ஒருவன் நிற்கிறான்.

நான் இருட்டில் உட்கார்ந்து நன்றாக அழுதேன். வெட்கப்பட்டு எழுத வேண்டிய வயது தாண்டிவிட்டது. நாளைக்குத் தெய்வானை இதைப் பார்ப்பாள், பார்த்துவிட்டுக் கோச்சி ஏறிவிடுவாள் என்று நினைத்தேன்.

முதல் ரீல் அன்று ஓட்டத்தில் ஓரிடத்தில் அறுந்திருந்தது. அதை ஒட்டுவதற்காகக் காசிம் நானாவிடம் கொடுத்துவிட்டேன். அவருடைய மைத்துனர் ஒருவர் படமாளிகையில் ஒப்பரேட்டர். ஒட்டி, ஞாயிறு பின்னேரம் தானே பஸ்ஸில் கொண்டு வருவதாக நானா சொன்னார்.

5

ஞாயிறு மூன்று மணிக்கு மண்டபம் நிறைந்திருந்தது. வெளியே நல்ல மழை. நானா நனைந்த தொப்பியோடு வெறுங்கையாக வந்தார்.

"மகன், பெட்டிய பஸ்ஸுல வெச்சிட்டு எறங்கிட்டேன். கலகெதர பஸ். திரும்பிப் போயிட்டு. நான் ஸ்டாண்டுல போய் நிக்கிறேன், அது மறுக்கா வரும்."

ரத்நாயக்க மாஸ்டருக்கு நேரம் என்றால் நேரம்தான். இருக்கிற ரீலிலிருந்து தொடங்கு என்றார். இரண்டாவது ரீலைப் போட்டேன். எழுத்து விளங்காத சபைக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. ஏற்கனவே பழகிய இருவர் என்று எடுத்துக்கொண்டார்கள். மூன்றாவது ரீல் பாதியில் நானா பெட்டியோடு வந்து சேர்ந்தார். கண்டக்டர் அதைக் கல்யாண வீட்டுக் கேக் என்று நினைத்துத் தன் மடியிலேயே வைத்துக் கவனமாகக் கொண்டுவந்தாராம். இன்றுவரைக்கும் அந்தக் கண்டக்டருக்கு நான் நன்றி சொல்லாத நாள் குறைவு.

பெட்டி வந்ததை மாஸ்டரிடம் சொல்லியிருக்க வேண்டும். நான் சொல்லவில்லை. நான்காவது ரீல் ஓடியது. தண்ணீர் இறங்கியது. மூன்றாவது வரிசை ஓரத்தில் தெய்வானையின் தலை அசையாமல் இருந்தது. கறுப்பு வட்டம் சுருங்கி முடிந்து, முடிவு எழுத்து வரும் கணத்தில் என் உள்ளங்கையால் லென்ஸை மூடினேன். சூடு கையில் ஏறியது. வழக்கமாக ரீல் மாற்றும்போது விளக்குப் போடுவோம்.

"நானா, லைட் போடாதீங்க. டோர்ச்ச மட்டும் இங்க பிடிங்க."

நானா பிடித்தார். நான் முதல் ரீலை மாட்டி, படத்தின் பெயர் வரும் துண்டைக் கையாலேயே தள்ளிக் கடத்தினேன். அவருக்குப் பிரெஞ்சு தெரியாது. ஆனால் பெட்டிமேல் இருந்த ஒன்று என்ற இலக்கம் தெரியும்.

"என்னத்த செய்ற மகன்? தலையக் கொண்டு போய் வால்ல வெக்கியா?"

"இன்னைக்கு மட்டும் நானா."

அவர் மூன்றாவது வரிசையைப் பார்த்தார். பிறகு டோர்ச்சை இன்னும் கொஞ்சம் கிட்டப் பிடித்தார்.

போன படகு திரும்பி வந்தது. தண்ணீர் ஏறியது. வகிடு, நெற்றி, கண். சபையில் யாரோ பெருமூச்சு விட்டார்கள். பிறகு தோணி, நாணல், வெயில். அதோடு நிறுத்தினேன். விளக்கைப் போட்டதும் எல்லோரும் கை தட்டினார்கள். இவ்வளவு நல்ல முடிவுள்ள பிரெஞ்சுப் படத்தை நான் கண்டதே இல்லை என்று ரத்நாயக்க மாஸ்டர் மேடையில் ஏறிச் சொன்னார்.

மழை விட்டிருந்தது. தெய்வானையும் நானும் வாவிக் கரையோடு நடந்தோம். பாதிச் சுற்று வந்ததும் அவள் நின்றாள்.

"அப்பாகிட்ட நானே சொல்றேன்," என்றாள். "நீங்க வராதீங்க."

மறுநாள் தனியாகப் புசல்லாவை பஸ் ஏறினாள். மூன்றாம் நாள் திரும்பி வந்தபோது கையில் ஒரு துணி மூட்டை இருந்தது. அந்த வாரமே பதிவு செய்துகொண்டோம்.

6

அதன்பிறகு நடந்ததில் பாதி உங்களுக்கே தெரியும். கல்யாணப் பதிவுத் துண்டை வைத்துக்கொண்டு அவள் பெயரை ஒரு தாளிலிருந்து இன்னொரு தாளுக்கு மாற்றக் கந்தோர் கந்தோராக அலைந்தோம். அது முடிவதற்குள் தமிழர்களைக் குறிவைத்த கலவரங்கள் வந்தன. ரத்நாயக்க மாஸ்டர் தன் வீட்டுப் பின்னறையில் நாலு நாள் எங்களை ஒளித்து வைத்திருந்தார். பிறகு சுற்றி வளைத்து இங்கே வந்து சேர்ந்தோம்.

இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் பல்ப் மாற்றுகிற, பூட்டுத் திருத்துகிற வேலை கிடைத்தது. அதில்தான் பென்ஷன் வாங்கினேன். முதல் வருடங்களில் பிரெஞ்சு ஒரு சொல்லும் தெரியாது. விசாவுக்காகப் பிரிபெக்சர் என்ற அரசாங்கக் கந்தோரில் காலையில் வரிசை நிற்போம். கூட நிற்பவர்கள் பயந்து நடுங்குவார்கள். நான் கவுன்டர் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் உத்தியோகத்தர் அம்மாவின் முகத்தைப் பார்ப்பேன். அவள் பேனாவை மூடினால் இன்றைக்கு ஒன்றும் நடக்காது. மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினால் தாளை உண்மையாகவே வாசிக்கிறாள், கொஞ்சம் சிரிக்கலாம். அது படச் சங்கம் எனக்குக் கொடுத்த கல்வி. வசனத்தை விட்டுவிட்டு முகத்தைப் படி. அதை வைத்துத்தான் பத்து வருட வதிவிட அட்டை வாங்கினேன். லா ஷப்பேல் தெருவின் தமிழ்க் கடையில் மட்டும் இது பலிப்பதில்லை. அங்கே கடைக்காரர் என் தமிழைக் கேட்டுவிட்டு, "நீங்கள் இந்தியாவோ?" என்பார். கண்டி என்பேன். அவர் முகத்தில் எதையும் படிக்க முடியாது.

குறை சொல்ல ஒன்றும் இல்லை. இந்த நாடு எங்களுக்குக் கூரை கொடுத்தது, சுபாவுக்குப் படிப்புக் கொடுத்தது. செவ்வாய்க்கிழமை சந்தையில் மீன்காரன் என்னைக் கண்டதும் கெளுத்தித் தலையை எடுத்து வைக்கிறான்.

ஒன்றே ஒன்றுதான் உள்ளே கிடந்து அறுத்தது. தெய்வானை தன் அப்பாவை மறுபடி பார்க்கவே இல்லை. நீலகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்து, நாலாம் வருடம் அவர் இறந்துபோனார். தம்பி எழுதிய நீலக் கடிதம் வந்தபோது காரியம் எல்லாம் முடிந்திருந்தது. அவள் அழுதாள், நான் பக்கத்தில் இருந்தேன், என் உள்ளங்கை சுட்டது. ஒரு பெண்ணை நான் ஏமாற்றி அப்பனிடமிருந்து பிரித்துவிட்டேன். சரியான ரீலைச் சரியான இடத்தில் போட்டிருந்தால் அவள் போயிருப்பாள், அவர் சாகும்போது தண்ணீர் கொடுக்க மகள் இருந்திருப்பாள். ஒவ்வொரு கல்யாண நாளும் கேக்கை வெட்டும்போது எனக்கு இந்த எண்ணம் வரும். அவளுக்கு நன்றி சொல்ல வாய் எடுத்தால் குற்றமும் கூடவே வரும். அதனால் நன்றியையும் சொல்லாமலே இருந்துவிட்டேன்.

7

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் போனோம். சின்னத் திரையரங்கு. சிவப்பு வெல்வெட் கதிரைகள். முன்னால் ஒருவர் பியானோவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். சுபா தன்னோடு வேலை செய்பவர்களோடு பின்வரிசையில் இருந்தாள். தெய்வானை ஓரக் கதிரையைத் தேடி உட்கார்ந்தாள். நான் அவளுக்குப் பக்கத்தில்.

கண்டியில் நாங்கள் பார்த்தது சாம்பல் நிறப் பிரதி. இங்கே பகல் காட்சிகளுக்குத் தேன் நிறம், மாலைக்கு நீலம். எடுத்த காலத்திலேயே சாயத்தில் தோய்த்துத்தான் காட்டினார்களாம். முதலில் ஈரக் கல்சுவர் வந்தது. அது தேன் நிறத்தில் இருந்தது. தண்ணீர் ஏறி அவள் வகிடு தெரிந்தபோது, இவ்வளவு பயத்துக்கு நடுவிலும் எனக்குப் புல்லரித்தது.

தெய்வானை என் பக்கம் சாய்ந்தாள்.

"ஏங்க, இங்கயும் ரீல மாத்திப் போட்டுட்டாங்க போல."

அவள் முகத்தைப் பார்த்தேன். பிரிபெக்சர் அம்மாக்களைப் படித்தவனுக்கு அந்த இருட்டில் ஒன்றும் பிடிபடவில்லை. நாணலும் தோணியும் வந்து போயின. இரண்டாவது ரீல் தொடங்கியது. மதகுக் கதவின் இரும்புக் கொக்கியில் மாட்டி அந்தப் பெண்ணின் சால்வை கிழிகிறது. அவள் உட்கார்ந்து, அதில் கறுப்புத் துணியில் சதுரமாக ஓர் ஒட்டுப் போடுகிறாள். ஊசியும் விரலும் மட்டும் திரை முழுக்கத் தெரியும் காட்சி.

"ஒட்டுப் போடத் தெரியாத பொண்ணு," என்றாள் தெய்வானை மெல்ல. "அன்னைக்கும் இதத்தான் நெனச்சேன். வெள்ளையில போய்க் கறுப்ப வெக்கிறாளேன்னு."

நான் அவள் பக்கம் திரும்பினேன்.

"இதுக்கப்புறம் படம் முழுக்க அந்தக் கறுப்பு ஒட்டு தெரியும். பாத்துட்டே இருந்தேன். கடைசில நீங்க தோணியப் போட்டீங்க பாருங்க, அதுல சால்வையில ஒட்டே இல்ல. தச்ச துணி எப்படிங்க மறுபடி புதுசாகும்?"

"தெரியுமா உனக்கு?"

"கிழிசல் தச்சுச் சம்பாதிச்சவகிட்டயா மறைக்கப் பாத்தீங்க? ஆரம்பத்தக் கொண்டாந்து கடைசில வெச்சிருக்கீங்கன்னு அப்பவே தெரியும்."

முன்வரிசையில் ஒரு கிழவர் திரும்பி, உஷ் என்றார். படமே பேசவில்லை, எங்களைப் பேசாதே என்கிறார். நான் குரலை இன்னும் இறக்கினேன்.

"அப்ப ஏன் நின்ன? ஏன் போகல?"

"டிக்கெட் எடுக்காம பஸ்ஸுல கால் வெக்க மாட்டீங்க. அவ்வளவு பயந்த மனுசன், ஒரு சபையவே ஏமாத்துறாருன்னு பாத்தேன். சிரிப்பு வந்துச்சு." திரைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "அதுக்காக நிக்கல. நிக்கணும்னு முந்தின வாரமே முடிவு பண்ணிட்டேன். அப்பாகிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல."

"உங்கப்பா கடைசி நேரத்துல..."

"அது என் பாரம். அவர விட்டுட்டு நின்னது நான். அவரே நில்லுன்னு சொல்லித்தான் அனுப்புனாரு, ஆனாலும் நின்னது நான். அத நீங்க எதுக்குத் தூக்குறீங்க?" என் கையைப் பிடித்து உள்ளங்கையை விரித்தாள், அங்கே ஏதாவது இருக்கிறதா என்று பார்ப்பதுபோல. "இவ்வளவு காலமா இதையா தூக்கிட்டுத் திரிஞ்சீங்க?"

"நீ ஏன் ஒரு வார்த்தை சொல்லல?"

"நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்தேன். நீங்க இப்படிப் பாரிஸ் வரைக்கும் இழுப்பீங்கன்னு யாருக்குத் தெரியும்?"

கிழவர் மறுபடி திரும்பினார். நாங்கள் நல்ல பிள்ளைகளாக இருந்தோம். கையை அவள் விடவில்லை.

மிச்சப் படத்தை நான் முதன்முறையாகப் பயமில்லாமல் பார்த்தேன். அந்தக் கறுப்பு ஒட்டைத் தேடிப் பார்த்தேன். ஒவ்வொரு காட்சியிலும் இருந்தது. மழையில், அடுப்படியில், அவள் முதுகு காட்டி நிற்கும்போதுகூட. அதை ஒருவர் வேண்டுமென்றே அங்கே வைத்திருக்கிறார், பார்க்கத் தெரிந்தவர்களுக்காக. புரொஜெக்டருக்குப் பின்னால் நின்று இரண்டு தடவை ஓட்டியும் அது என் கண்ணில் படவில்லை. மூன்றாவது வரிசையில் இருந்தவளுக்குப் பட்டது. அந்தப் படத்தின் முழு அழகையும் அன்று கண்டியில் கண்டவள் அவள்தான். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதைச் சொல்லவும் சொன்னேன். "தெய்வானை, உனக்கு ரொம்ப நன்றி" என்றேன். "படத்தப் பாருங்க" என்றாள்.

தண்ணீர் இறங்கியது. நீல நிறத்தில் கண் போனது, நெற்றி போனது, வகிடு போனது. படகு தூரத்தில் சிறுத்தது. கறுப்பு வட்டம் சுருங்கி வந்து, கடைசியில் அந்தச் சதுர ஒட்டின்மேல் ஒரு கணம் நின்று மூடியது. முடிவு எழுத்து வந்தது. இந்த முறை அதை யாரும் கையால் மறைக்கவில்லை.

விளக்கு எரிந்தது. சனம் எழுந்து கை தட்டியது. சுபா நடைபாதையால் வேகமாக வந்து, அம்மாவின் முகத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். இருவர் கண்ணும் ஈரமாக இருந்ததில் பயந்துவிட்டாள் போலும்.

"அம்மா, முடிவு சரியான கவலையா இருந்தது, என்ன? அப்பா மாறிச் சொல்லிப்போட்டார்."

தெய்வானை மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டாள். கதிரையை விட்டு எழுந்திருக்கவில்லை.

"உங்கப்பா சரியாத்தான் சொன்னாரு," என்றாள். "போய்ச் சொல்லு புள்ள. இப்ப முதல் ரீலப் போடச் சொல்லு."